ஞாயிற்றுக்கிழமைப் பையும் வெள்ளிக்கிழமைக் குப்பையும்: மலை வீட்டில் சாப்பாட்டுச் சாமான் வீணாகாமல் இருக்க

கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த புதிதில், மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையேதான் சொன்னார்கள். உனக்கென்ன, ஊரே ஃப்ரிட்ஜு, எதை வெளியே வைத்தாலும் கெடாது. நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு பை நிறைய வாங்கிவந்து அடுப்படி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு அந்தந்த நாளைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை கேரட் பையை அவிழ்த்தால் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருக்கும். மேலே இருக்கிற கேரட் ஜம்மென்று இருக்கும், அடியில் கையை விட்டால் வழவழவென்று ஒன்று விரலில் ஒட்டும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த நான்கும் அதோடு போச்சு. முள்ளங்கி இலை மஞ்சளாகிக் கூழாகியிருக்கும். அப்பளம் நமுத்திருக்கும். ரவை கட்டி கட்டியாக இருக்கும்.

இரண்டு வருடம் இப்படிக் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது. குளிர் வேறு, ஈரம் வேறு. நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது, சரி, ஆனால் பகலில் 18, 20 டிகிரி இருக்கும் அடுப்படி ஃப்ரிட்ஜ் ஆகிவிடாது, ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி இருக்க வேண்டும். அதே சமயம் ஜூனில் தொடங்கும் மழை விட்டு விட்டுப் பெய்து, அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை கொட்டோ கொட்டென்று கொட்டி, நடுநடுவே மேகமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. கீழே வெயில் கெடுப்பதை இங்கே ஈரம் கெடுக்கிறது. கீழ்நாட்டுக் குறிப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும், அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாளி, ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கொட்டுவதை எல்லாம் ஒரு வாளியில் போட்டு நிறுத்துப் பாருங்கள். நிறுப்பதைவிட முக்கியம் எழுதுவது. என்ன, எவ்வளவு, ஏன். "கேரட் 5, அடியில் அழுகல்." "சாம்பார் ஒரு கிண்ணம், யாரும் சாப்பிடவில்லை." இப்படி ஒரு வரி போதும். வெட்கமாகத்தான் இருக்கும், அதனால் யாருக்கும் காட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். முதல் வாரம் 5 கிலோ 300 கிராம் வந்தது, தோல், தேயிலைச் சக்கை எல்லாம் சேர்த்து. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது, அதிலும் தோல், எலும்பு எல்லாம் அடக்கம். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் வாரம் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஊரே ஃப்ரிட்ஜ் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த நான் நாட்டின் சராசரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நோட்டைப் பார்த்ததும் இன்னொன்றும் தெரிந்தது. நான் சந்தேகப்பட்டதெல்லாம் மிச்சச் சோற்றைத்தான். உண்மையில் அது கால்வாசிகூட இல்லை. பெரும்பகுதி சமைக்காமலேயே போன காய்கறி, அதுவும் ஞாயிறன்று வாங்கி வியாழன் வரை தொடாதது. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், பையன் டிபன் பாக்ஸில் திருப்பிக் கொண்டுவருவதாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் குறிப்பைப் பின்பற்றியும் பயனில்லை.

சந்தைக்குப் போகும் முன்

சனிக்கிழமை ராத்திரி இருப்பதைப் பாருங்கள். கூடையையும் ஃப்ரிட்ஜையும் திறந்து போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டால் போதும், பட்டியல் எழுதச் சோம்பலாக இருந்தால். சந்தையில் நிற்கும்போது வீட்டில் பீட்ரூட் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் ஞாபகம் வராது, ஞாபகம் வராவிட்டால் கை தானாக வாங்கிவிடும். இது என் அனுபவம்.

அப்புறம் கூறு, அதாவது குவித்து வைத்து விற்கும் காய். கடைசி நேரத்தில், மழை தூறத் தொடங்கியதும், கூறு பெரிதாகிக்கொண்டே போகும், விலை இறங்கிக்கொண்டே வரும். நான் வழக்கமாக வாங்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார், "எடுத்துக்க தாயி, இருபது ரூவாய்க்கு இம்புட்டு எவன் தருவான், நான் இத மறுபடி மலையேத்திக் கொண்டுபோகவா" என்று கேட்டால் எனக்கு மறுப்புச் சொல்ல வராது. வாங்கலாம், தப்பில்லை, வாங்காவிட்டால் அதுவும் அங்கேயே வீணாகிறது. ஆனால் அங்கேயே பிரித்துவிடுங்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துதான் இப்போது போகிறோம், கூறு ஒன்று, பை இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்புறம் கொடுக்கலாம் என்று வைத்தால் அந்த அப்புறம் வராது.

கேரட்டை மண்ணோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் இருந்து வரும் கேரட்டைக் கழுவிப் பளபளப்பாக்கித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், பார்க்க அழகு, ஆனால் கழுவும்போது மேல்தோல் உரசி, ஈரமும் ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் கெடும். மண் ஒட்டியது கண்ணுக்கு லட்சணமாக இருக்காது, வாரக்கணக்கில் இருக்கும்.

பையைக் கொட்டிய பிறகு

இந்த ஒரு வேலைதான் எங்கள் வீட்டில் வீணாவதில் பாதியைக் குறைத்தது. சந்தையில் இருந்து வந்ததும் காபி குடிக்கப் போகாமல், பையைத் தரையில் பழைய பேப்பர் விரித்துக் கொட்டுங்கள். மேகமூட்டத்தில் வந்த காய்கறி எல்லாமே தொட்டால் ஈரமாக இருக்கும். ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் பேப்பர் நனைந்து காய் உலரும். மழை நாளில் பேப்பரை ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஈரம் போன பிறகுதான் எதையும் எடுத்து வைக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் இலையும் கிழங்கும் சேர்ந்திருப்பதை எல்லாம் பிரித்துவிடுங்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல் நான்குக்கும் இதுதான். இலை ஒட்டியிருக்கும் வரை கிழங்கில் இருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரண்டு நாளில் கிழங்கு வதங்கிவிடும். பீட்ரூட்டில் மட்டும் இரண்டு விரல் தண்டை விட்டு வெட்டுங்கள், வால் வேரையும் விட்டுவிடுங்கள், ஒட்ட வெட்டினால் சாயம் ஒழுகி வற்றிப்போகும்.

கேரட்டைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் இடம் இல்லையென்றால் ஒரு பழைய பக்கெட்டில் லேசான ஈர மணல் பரப்பி, கேரட், மணல், கேரட், மணல் என்று அடுக்கி இருட்டான மூலையில் வையுங்கள், ஒன்றோடொன்று தொடாமல். ஒன்று அழுகினாலும் பக்கத்தில் இருப்பதற்குப் பரவாது. கீழ்நாட்டில் இது அவ்வளவாகப் பலிக்காது, இங்கே பலிக்கும், குளிருக்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு சாக்கில், இருட்டில், காற்றோட்டமாக. ஃப்ரிட்ஜில் வேண்டாம், தித்திப்பாகிவிடும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், அப்போது சோலனைன் என்ற நஞ்சும் கூடும், பச்சை ஓடிய இடத்தை ஆழமாகச் செதுக்கி எறியுங்கள், முளையையும் பிடுங்கிவிடுங்கள், முழுக்கவே பச்சை என்றால் மொத்தமாக எறிந்துவிடுங்கள். வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

பூண்டுக்கு நம் ஊரில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு, தாளோடு கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். என் மாமியார் பூம்பாறைக்காரர், அவர் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே பூண்டுக் கட்டு தொங்கும், புகை பட்டு வெளித்தோல் பழுப்பாகியிருக்கும், உள்ளே பல் வெள்ளையாக இருக்கும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, புகை இல்லை, அதனால் அடுப்புப் பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், சூட்டுக்காவது உலர்ந்து கிடக்கட்டும் என்று. உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது மட்டும் வேண்டாம், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டில் கொடிய நஞ்சு உண்டாகலாம், வாசனையில்கூடத் தெரியாது. உரித்து மிஞ்சினால் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து ஊறுகாயாக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கீரை, கொத்தமல்லி எல்லாம் இங்கே வாடுவதைவிட அழுகுவதுதான் அதிகம். உலர்த்தி, வேரை வெட்டி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் நான்கைந்து நாள். அவ்வளவுதான்.

எறிகிற பக்கம்

வெட்டிய இலையை எங்கே போடப் போகிறீர்கள்? பீட்ரூட் இலை பொரியலுக்கு அருமையான கீரை, தண்டை முதலில் வதக்கி இலையைக் கடைசியில் போட வேண்டும். முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், நூல்கோல் இலையும் அப்படியே. காலிஃபிளவர் தண்டைத் தோல் சீவிச் சாம்பாரில் போட்டால் வீட்டில் பாதிப் பேர் முள்ளங்கி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். கேரட் இலை கொஞ்சம் கசக்கும், நான் துவையலில் ஒரு பிடி சேர்ப்பேன், அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், அதற்காக நான் வருத்தப்படுவதும் இல்லை.

சௌசௌதான் இதில் ராஜா. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் கொடி கொடியாகக் காய்க்கும் காய், விலை இறங்கும்போது யாரும் எண்ணிக்கூடக் கொடுப்பதில்லை. தோலைத் தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் கையில் பிசின் ஒட்டாது. ஒரு காயின் தோலை நறுக்கி, நல்லெண்ணெயில் ஒரு ஸ்பூன் உளுந்து, மூன்று வரமிளகாய், கொஞ்சம் புளி, இரண்டு பல் பூண்டு எல்லாம் வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் தோலைப் போட்டு நிறம் மங்கும் வரை வதக்குங்கள். பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடம் ஆகும், அவசரப்பட்டால் புல்லை அரைத்த மாதிரி இருக்கும். ஆறவிட்டு உப்போடு கொரகொரப்பாக அரைத்தால் துவையல். விதையையும் போடலாம், உள்ளே இருக்கும் அந்தப் பருப்பு வாதுமை மாதிரி மெதுவாக இருக்கும்.

இப்படிச் சொன்னதும் எல்லாத் தோலையும் இலையையும் சட்டியில் போட்டுவிடாதீர்கள். உருளைக்கிழங்கு இலையும் தக்காளி இலையும் சாப்பிடக் கூடாதவை. முட்டைக்கோசின் வெளிப்பக்கத்து இரண்டு மூன்று இலையை நான் எடுத்துவிடுவேன், மருந்து அடித்தது முதலில் தங்குவது அதில்தான். அதைச் சிக்கனம் என்று சாப்பிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சோறு, பருப்பு, மாவு

நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குக் கிட்டத்தட்ட வந்ததுமே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றால் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையை இரண்டு மணி நேரம் வேகவைத்து, வேகாததைச் சாப்பிட முடியாமல் கொட்டிய வீடுகள் இங்கே நிறைய, புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்வார்கள். குக்கர் கட்டாயம், கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதல். ஊறவைப்பதும் அப்படித்தான், ராத்திரிக் குளிர்ந்த தண்ணீரில் பயறு ஊறவே ஊறாது, கொதித்த தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகு.

சோறு மிஞ்சினால் இங்கே நிறையப் பேர் செய்வது, பாத்திரத்தை மூடி மேடையிலேயே விட்டுவிடுவது, குளிர்தானே என்று. சோற்றில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியிலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு காலையில் தாளித்துச் சூடாக்கினாலும் போகாது. பெரிய பாத்திரத்தில் அமுக்கி மூடிய சோற்றின் நடுப்பகுதி இந்தக் குளிரிலும் பல மணி நேரம் சூடு ஆறாமல் இருக்கும், கையை விட்டுப் பாருங்கள், தெரியும். அகலமான தட்டில் பரப்பினால் கால் மணியில் ஆறிவிடும், உடனே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில். மறுநாளே சாப்பிட்டுவிட வேண்டும், எலுமிச்சைச் சாதமோ பூண்டுச் சாதமோ.

பழைய சோறு? என் அம்மா வீட்டில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் காலையில் புளிப்பு ஏறி மணக்கும். அதே மாதிரி டிசம்பரில் இங்கே செய்துபார்த்தேன், காலையில் சோறும் தண்ணீரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மாதிரி கிடந்தன. புளிக்கவில்லை என்றால் அது பழைய சோறு இல்லை, ஊறின சோறு, அதை நம்பிச் சாப்பிடாதீர்கள். வெயில் அடிக்கும் மார்ச், ஏப்ரலில் நன்றாக வருகிறது. மற்ற மாதங்களில் நான் அந்த ஆசையை வத்தலக்குண்டுக்குப் போகும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

இட்லி மாவு பொங்கவில்லை என்று கொட்டுகிறவர்களுக்கு: அது கெட்டுப்போகவில்லை, தூங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, உப்பைப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை ஒரு பெரிய ஹாட் பாக்ஸில் வைத்துப் பக்கத்தில் ஒரு டம்ளர் சுடுதண்ணீரும் வைத்து மூடுங்கள், மேலே கம்பளி. எங்கள் வீட்டில் 14 மணி நேரம், மழை நாளில் 18. அதற்கும் பொங்காவிட்டால் தோசை ஊற்றுங்கள். இங்கே ஒரு லாபமும் உண்டு, பொங்கிய மாவு கீழே மாதிரி சீக்கிரம் புளிப்பதில்லை. புளித்தே விட்டால் சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம், அதற்குப் புளித்த மாவுதான் ருசி.

தயிர் உறையாத கதையும் இதேதான், உறைமோர் கொஞ்சம் கூட்டி அதே ஹாட் பாக்ஸில் வையுங்கள்.

மளிகை

ஜூனில் இருந்து டிசம்பர் வரை மளிகையைச் சின்னச் சின்னதாக வாங்குங்கள். மாதக் கணக்கில் ஒரேயடியாக வாங்கினால் ஐந்து ரூபாய் மிஞ்சும், நமுத்துப்போவதில் ஐம்பது ரூபாய் போகும். ரவையையும் சேமியாவையும் வந்த அன்றே வாசம் வரும் வரை வறுத்து, ஆறவைத்து, இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வேர்த்து, வறுத்ததே வீண். ரேஷன் அரிசியில் வண்டு இருந்தால் பயப்படாதீர்கள், புடைத்து, வெயில் வந்த அன்று விரித்துவிட்டால் ஓடிவிடும், வசம்புத் துண்டோ வரமிளகாயோ நடுவில் புதைத்து வையுங்கள். நமுத்த வர்க்கியையும் பிஸ்கட்டையும் தோசைக்கல்லைச் சூடாக்கி அணைத்துவிட்டு அதன்மேல் பத்து நிமிடம் பரப்பினால் மறுபடி மொறுமொறுப்பு.

பூஞ்சைக்கு மட்டும் இரக்கமே கூடாது. பிரெட்டின் ஒரு ஓரத்தில் பச்சையாகத் தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே முழுக்க ஓடியிருக்கும், அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவது தப்பு. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு சேரும், வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுக்கப் போவதில்லை, மொத்தமாகக் கொட்டுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். கேரட், முட்டைக்கோஸ் மாதிரி கெட்டியான காயில் ஒரு இடத்தில் மட்டும் என்றால் அதைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். வீணாக்கக் கூடாது என்பதற்காக வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கரண்ட் போனால்

2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோனபோது மலை முழுக்க மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஃப்ரீசரில் வைத்திருந்த பச்சைப் பட்டாணி, கறி எல்லாம் போனது. பயத்தில் மணிக்கு ஒருதரம் திறந்து திறந்து பார்த்தது நான்தான். திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைய அடைத்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. காலியிடத்தில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தால் அதுவும் பனிக்கட்டியாகிக் குளிரைப் பிடித்துவைக்கும். மழைக்காலம் தொடங்கும்போதே ஃப்ரீசரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்வது அதைவிட நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஜனவரிக் குளிரில் அடுப்படியே 10 டிகிரிக்கு வந்துவிட்டால் சில ஃப்ரிட்ஜ்கள் உள்ளே குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்து மோட்டாரை ஓட்டாது, ஃப்ரீசரில் இருப்பது மட்டும் மெல்ல உருகும். ராத்திரி ஐஸ்கட்டி இளகியிருந்தால் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் வெப்பமான அறைக்குத் தள்ளிப் பாருங்கள். நான் ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லக்கா, இதுக்கும் குளிருது" என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

பழ சீசன்

பிளம்ஸ் பழுத்தால் ஒரே வாரத்தில் மொத்தமும் பழுக்கும், யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கூடை கையில் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஜாம்தான் வழி. ஒரு கிலோ பழத்துக்கு 700 கிராம் சர்க்கரை, கொட்டையை எடுத்துவிட்டுக் கொதிக்கவிட வேண்டியதுதான். குறிப்புகளில் எல்லாம் 105 டிகிரி வரை காய்ச்சு என்று போட்டிருக்கும். புது வெப்பமானி வாங்கிய ஆசையில் நானும் 105க்குக் காத்திருந்தேன், ஜாம் கருகிக் கல்லாகி, கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4, 5 டிகிரி மேலே என்பதுதான் அந்தக் கணக்கு, கடலோரத்தில் அது 105, நமக்கு 97, 98. வெப்பமானியே வேண்டாம், ஒரு சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், மேல் சுருங்கினால் இறக்கிவிடலாம்.

பட்டர் ஃப்ரூட்டைக் காயாக ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது. அரிசிப் பானையில் ஒரு மலை வாழைப்பழத்தோடு புதைத்துவையுங்கள், காம்புப் பக்கம் லேசாக அமுங்கினதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் இன்னும் மூன்று நான்கு நாள் கிடைக்கும். வாழைத்தார் ஒரேயடியாகப் பழுத்தால் நறுக்கி ஃப்ரீசரில் போட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு அடித்துக் கொடுக்கலாம். நாட்டுப் பேரிக்காய், கடிக்க முடியாத அந்தக் கெட்டிக் காய், மாங்காய் மாதிரி ஊறுகாய்க்கு அழகாக வரும்.

கடைசியில் மிஞ்சுவது

இத்தனைக்கும் பிறகு தோலும் சக்கையும் மிஞ்சத்தான் செய்யும். பக்கத்தில் மாடு இருந்தால் கழுநீரும் காய்த்தோலும் கொடுக்கலாம். விசேஷ வீட்டுச் சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைக்காதீர்கள், அளவுக்கு மீறிப் போனால் வயிற்றில் புளித்து உப்புசம் கண்டு மாடே செத்துப்போகும்.

உரக்குழி தோண்டலாம் என்று தோட்டத்தில் பள்ளம் வெட்டினேன், முதல் வாரமே காட்டுப்பன்றி வந்து கிளறிவிட்டுப் போனது. வேலிக்கு வெளியே கொட்டினால் காட்டுமாடு வந்து நிற்கும், ஒருமுறை ருசி கண்டுவிட்டால் தினமும் அதே நேரத்துக்கு வரும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நடக்கிற வழி அது. அதனால் மூடியுள்ள டிரம்தான் சரி. அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு, செங்கல்மேல் ஏற்றி, ஒரு பிடி குப்பைக்கு இரண்டு பிடி காய்ந்த இலை, மேலே அவ்வப்போது புளித்த மோர், மூடியின்மேல் ஒரு கல். சமைத்த சாப்பாடும் கறி மிச்சமும் உள்ளே போடக் கூடாது, வாசனைக்கே வந்துவிடுவார்கள். அதை ஈரக் குப்பையாகத் தனியே கட்டி நகராட்சி வண்டியில் கொடுத்துவிடுங்கள். கீழே இரண்டு மாதத்தில் மட்கும் என்பார்கள், குளிரில் எனக்கு நான்கு மாதம் ஆகிறது. யூகலிப்டஸ் இலையைச் சேர்த்தால் இன்னும் தாமதம், சைப்ரஸ் இலையும் அப்படியே, அகன்ற மென்மையான இலையாகப் பார்த்துச் சேருங்கள்.

போன வாரம் வாளியை மறுபடி நிறுத்தேன், 1 கிலோ 900. பாதிக்கு மேல் தேயிலைச் சக்கையும் முட்டை ஓடும். டிரம்மில் இருந்து எடுத்த முதல் உரத்தைச் சௌசௌக் கொடிக்குப் போட்டேன், கொடி வேலி தாண்டி வளர்ந்தது, தாண்டியதை மட்டும் ஒரு ராத்திரியில் காட்டுமாடு மேய்ந்துவிட்டது. இந்த வாரம் பந்தலை உள்பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும்.